துண்டுக்குள் நாலு கை

மட்டாஞ்சேரி மிளகு பஜாரில் வாயால் விலை பேசுபவனை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். விற்கிறவனும் வாங்குகிறவனும் வந்து நிற்பார்கள், நடுவில் தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரிப்பார். துண்டுக்குள் கை போகும். எத்தனை விரலைப் பிடித்தான், உள்ளங்கையைப் பிடித்தானா என்பதில்தான் விலை இருக்கிறது. வெளியே வாய் பாட்டுக்கு மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். யார் என்ன கொடுத்தான் என்பது தரகருக்கு மட்டும் தெரியும். அவர் சொல்வது முடிவு. நீ என்ன கொடுத்தாய் என்று ஒருவனை இன்னொருவன் கேட்பது குளிக்கிற இடத்தில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

அமீருதீன் ராவுத்தர் முப்பது வருஷமாக அந்த பஜாரில் துண்டு போட்டவர். ‘அமீருதீன் கை பொய் சொல்லாது’ என்று குஜராத்தி சேட்டுகள்கூடச் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவரும் நம்பிவிட்டார். புகழ்ச்சியை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஆள் இல்லை அவர். இரண்டு காதிலும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு ரகசியம் இருந்தது. விலையை விரல் சொல்லும், மனசை நாடி சொல்லும் என்பார். துண்டுக்குள் கையைப் பிடிக்கும்போதே கட்டைவிரலை எதிராளியின் மணிக்கட்டில் வைத்துவிடுவார். ‘எனக்கொன்றும் இந்தச் சரக்கு வேண்டாம்’ என்று கொட்டாவி விடுகிறவனின் நாடி திடுதிடுவென்று ஓடும். அவனுக்கு விலையை ஏற்றலாம். சரக்கு வேண்டியவன் கைதான் துடிக்கும், வேண்டாதவன் கை செத்த மீன் மாதிரிக் கிடக்கும். இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் அவர் வீடு கட்டினார், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார். அதே பாடத்தைத்தான் அந்த ஜனவரியில் மறந்தார்.

எழுபத்தெட்டில் பஜார் வியாபாரிகள் சேர்ந்து ஒரு சைக்கிள் டீம் ஆரம்பித்தார்கள். சாம்பிள் பொட்டலத்தோடு ஒரு சரக்குக் கிட்டங்கியிலிருந்து இன்னொரு கிட்டங்கிக்கு நாளெல்லாம் மிதிக்கிற பையன்கள் பஜாரில் நிறைய. அவர்களில் நாலு பேரைப் பொறுக்கி, ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்து, சம்பளமும் போட்டு ஓட விட்டார்கள். டீமைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அமீருதீனுக்கு. சைக்கிள்கள் அவர் கிட்டங்கியில்தான் நிற்கும்.

நாலு பேரில் முதல் ஆள் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம், எதிர்காற்றில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு போகிற ஜாதி. அவன் பெண்டாட்டி சந்தனமாரி அதே கிட்டங்கியில் மிளகு புடைத்தாள். இரண்டாவது ஆள் மதுரைக்கார அழகர். கடைசி இரண்டு மைலில் பறப்பான். பள்ளுருத்தியில் பிறந்து வளர்ந்த பிச்சைமணியும், கணக்குப்பிள்ளை வேலை பார்த்த சிகாபுதீனும் மற்ற இருவர். இந்த இருவரும் முன்னால் போய்க் காற்றை உடைக்க வேண்டும், இசக்கிமுத்துவும் அழகரும் பின்னால் வந்து ஜெயிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

எழுபத்தொன்பது ஜனவரியில் பெரிய ரேஸ் வந்தது. தோப்பும்படியிலிருந்து ஆலப்புழை போய்த் திரும்ப வேண்டும். ஏலூரில் ஒரு கம்பெனிக்காரர்கள், முதல் இரண்டு பேருக்கு விளையாட்டுக் கோட்டாவில் நிரந்தர வேலையும் குவார்ட்டர்ஸும் தருவதாக அறிவித்திருந்தார்கள். இசக்கிமுத்துவும் சந்தனமாரியும் இருந்த ஒற்றை அறையில் மழைக்காலம் வந்தால் கட்டிலுக்கடியில் தண்ணீர் நிற்கும். அவள் மாசமாக வேறு இருந்தாள். குவார்ட்டர்ஸில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருமாமே என்று அவள் கிட்டங்கியில் இருந்த எல்லாரிடமும் இரண்டு தடவையாவது கேட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சிகாபுதீன் தன் சைக்கிள் வீலை இறுக்க ஸ்பேனர் தேடினான். இசக்கிமுத்துவின் சீட்டுக்கடியில் தொங்கும் தோல்பைக்குள் கையை விட்டான். ஸ்பேனரோடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. உள்ளே ஏழு மாத்திரைகள். லாரிக்காரர்கள் தூக்கம் வராமலிருக்கப் போடுகிற மாத்திரை. ரேஸ் உலகத்தில் அதற்கு வேறு உபயோகம் இருந்தது. போட்டால் கால் வலி தெரியாது, மூச்சு முட்டுவது தெரியாது. சாவு வருவதுகூடத் தெரியாது. ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு ரேஸில் வேறு டீம் பையன் ஒருவன் வாயில் நுரை தள்ளி விழுந்திருந்தான்.

அதற்குப் பிறகுதான் ரேஸ் கமிட்டிச் செயலாளர் வெங்கிடராமன் சட்டம் போட்டார். பாங்கில் வேலை பார்க்கிற மனுஷர், சட்டம் என்றால் அவருக்கு வெல்லம். எந்த டீமில் மாத்திரை பிடிபட்டாலும் மொத்த டீமும் இரண்டு வருஷத்துக்கு வெளியே.

“என்னோடது இல்ல முதலாளி. சத்தியமா எனக்குத் தெரியாது” என்றான் இசக்கிமுத்து.

“பின்னே நடந்து வந்து பைக்குள்ளே ஏறிச்சா?” என்றான் சிகாபுதீன். “அமீர்க்கா, இது வெளியே தெரிஞ்சா நாலு பேர் பொழப்பும் போச்சு. இவனை இப்பவே விலக்குங்க.”

“சைக்கிள் எல்லாம் ஒண்ணாத்தானே நிக்குது? யாரு வேணாலும் வச்சிருக்கலாமே, சிகாபே” என்று பிச்சைமணி இழுத்தான். அழகர் தன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

அமீருதீன் பொட்டலத்தை வாங்கி, கிட்டங்கிக்குப் பின்னால் காயல் தண்ணீரில் வீசிவிட்டு வந்தார். வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

“கத்த வேணாம். நம்ம பஜார் வழக்கம் இருக்கு. ஒவ்வொருத்தனா வந்து துண்டுக்குள்ளே கை கொடு. இசக்கிமுத்து டீம்ல இருக்கட்டும்னா என் ஒரு விரலைப் பிடி. விலகட்டும்னா உள்ளங்கையைப் பிடி. அவனுக்கும் கை உண்டு. சரிபாதியா வந்தா விலகணும். முடிவை நான் சொல்லுவேன். அதுக்கு மேலே பேச்சு கிடையாது.”

நியாயமான ஏற்பாடு என்று எல்லாரும் நினைத்தார்கள். அமீருதீனுக்கு ஓட்டு ஒரு சாக்கு. அவருக்கு வேண்டியது நாடி. தப்புப் பண்ணினவன் நாடி காட்டிக் கொடுக்காமல் எங்கே போகும் என்று அவர் துண்டை விரித்தார்.

முதலில் சிகாபுதீன் வந்தான். உள்ளங்கையை அழுத்திப் பிடித்தான். நாடி கடிகாரம் மாதிரி ஓடியது. அடுத்து பிச்சைமணி. கொஞ்சம் யோசித்து, ஒரு விரலைப் பிடித்தான். கையில் வேர்வை இருந்தது, ஆனால் நிதானம் கெடவில்லை.

அழகர் எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்துவிட்டு வந்தான். ஒரு விரலைப் பிடித்தான். அமீருதீனின் கட்டைவிரல் அவன் மணிக்கட்டில் உட்கார்ந்தது. துடிப்பே தெரியவில்லை. செத்த மீன்.

கடைசியாக இசக்கிமுத்து வந்தான். அவன் கை துண்டுக்குள் நுழைந்ததுமே துண்டு ஆடியது. வெளியே நின்றவர்கள் பார்க்கும்படியே ஆடியது. ஒரு விரலைத்தான் பிடித்தான். முங்கப் போகிறவன் கயிற்றைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தான். நாடி ஓடிய ஓட்டத்தில் அமீருதீனுக்கு எண்ணக்கூட முடியவில்லை.

மூன்று விரல், ஒரு உள்ளங்கை. கணக்குப்படி இசக்கிமுத்து இருக்க வேண்டும்.

அமீருதீன் துண்டை உடனே மடிக்கவில்லை. கை தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தப் பையன்கள் இளகிய மனசுக்காரர்கள், கூட ஓடினவன் என்று விரலைப் பிடித்துவிட்டார்கள். நாளைக்கு இவன் மாத்திரை போட்டு நடு ரோட்டில் விழுந்தால் யார் பதில் சொல்வது? சந்தனமாரிக்கு யார் பதில் சொல்வது? எல்லாருடைய நன்மைக்கும்தான் என்று அவர் மனசார நம்பினார். அந்த நம்பிக்கைதான் பெரிய கேடு. கெட்டவன் பொய் சொன்னால் அவனுக்காவது அது பொய் என்று தெரியும்.

“விலகணும்னு முடிவு” என்றார்.

இசக்கிமுத்து மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். பிச்சைமணி ஒருவன்தான் தனக்காக நின்றிருப்பான் என்று இசக்கிமுத்து நினைத்தான். தான் ஒருவன்தான் நின்றோம் என்று பிச்சைமணியும் நினைத்தான், அழகரும் நினைத்தான். கேட்டுக்கொள்ள வழக்கம் இடம் கொடுக்கவில்லை.

மிளகுக் குவியலுக்குப் பக்கத்தில் முறத்தின் சத்தம் நின்றுபோயிருந்தது. சந்தனமாரி எழுந்து வந்தாள்.

“அவரு வெத்தலகூடப் போட மாட்டாரு முதலாளி. மாத்திரையைக் கண்டாரா? ஒரு தடவ விசாரிச்சிட்டுச் சொல்லுங்க.”

“துண்டு முடிவும்மா. நான் என்ன செய்ய?” என்றார் அமீருதீன். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மறுநாள் விடியும்போதே தோப்பும்படி ஜங்ஷனில் கூட்டம் நெரித்தது. ஒன்பது டீம்கள் வந்திருந்தன. ஒலிபெருக்கியில் யாரோ மலையாளத்தில் தொண்டை கிழிய வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். இசக்கிமுத்துவும் வந்திருந்தான். வருவான் என்று அமீருதீன் எதிர்பார்க்கவில்லை. டீம் பனியன் இல்லாமல், சாதாரணச் சட்டையில், தோளில் பழக்குலையும் இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில்களுமாக நின்றான். அரூர்ப் பாலத்தில் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டுமே என்று பிச்சைமணி கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்டதும் வந்துவிட்டான். மானம் ரோஷம் இல்லாதவன் என்று சிகாபுதீன் முணுமுணுத்தான். மானம் ரோஷம் உள்ளவன்தான் அப்படி வருவான் என்பது சிகாபுதீனுக்கு எங்கே புரியும்.

கொடி அசைய ஐந்து நிமிஷம் இருந்தது. வழக்கப்படி அமீருதீன் தன் பையன்களுக்குக் கை கொடுத்தார். சிகாபுதீனுக்குக் கொடுத்தார், பிச்சைமணிக்குக் கொடுத்தார். அழகரின் கையைப் பிடித்தார். முப்பது வருஷப் பழக்கம், கட்டைவிரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது.

நாடி எகிறிக் குதித்தது. உள்ளங்கை ஐஸ் போல் சில்லிட்டிருந்தது, வேர்வை வழிந்தது. அமீருதீன் அவன் முகத்தைப் பார்த்தார். கண்மணி இரண்டும் அகலமாக விரிந்து கிடந்தன. காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டே, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இன்னிக்குப் பிச்சு எடுத்துர்றேன் அமீர்க்கா. பாருங்க. நீங்க பாருங்க. சும்மா பறக்கப் போறேன்.”

நேற்று இந்தக் கை ஏன் செத்துக் கிடந்தது? நேற்று மாத்திரை போடவில்லை, இன்றைக்குத்தான் போட்டிருக்கிறான். தப்புப் பண்ணினவன் நாடி துடித்தே தீரும் என்று நம்பினோமே என்று அமீருதீனுக்கு உச்சந்தலையில் அடித்தது. ஏழு மாத்திரைகளைக் காயலில் எறிந்தார். எட்டாவது அவன் மடியில் இருந்திருக்கிறது.

அப்படியானால் இசக்கிமுத்துவின் கை ஏன் அந்த ஆட்டம் ஆடியது?

பதில் அவரிடமே இருந்தது. முப்பது வருஷமாக அந்தப் பதிலை விற்றுத்தான் சாப்பிட்டார். சரக்கு வேண்டியவன் கைதான் துடிக்கும். வேலை வேண்டும், வீடு வேண்டும், குழாயில் தண்ணீர் வேண்டும், பிறக்கப் போகிற பிள்ளைக்குத் தரை காய்ந்திருக்க வேண்டும். இத்தனையும் வேண்டியிருந்தவன் கை துடிக்காமல் என்ன செய்யும்?

அந்த நேரம் பார்த்து வெங்கிடராமன் காகிதக் கட்டோடு வந்தார்.

“என்ன ராவுத்தரே, உங்க டீம்ல மூணு பேர்தான் எழுதியிருக்கு? நாலாவது பேரை அடிச்சிருக்கேள். அவன் இங்கேதானே நிக்கறான்? சேர்க்கறதா இருந்தா கொடி அசையறதுக்குள்ளே சொல்லுங்கோ, எழுதிண்டுடறேன்.”

பத்தடி தள்ளி இசக்கிமுத்து நின்றான். காதில் விழுந்திருக்க வேண்டும், பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவனுடைய சைக்கிள், மற்ற சைக்கிள்களோடு ஏற்றி வந்த டெம்போவிலேயே இருந்தது. அழகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டாம். ‘எழுதிக்குங்க’ என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

சொன்னால் சிகாபுதீன் கேட்பான், துண்டு முடிவு என்ன ஆச்சு என்று. பிச்சைமணி கேட்பான், அழகர் கேட்பான். கேட்க ஆரம்பித்தால் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று விரல் வெளியே வரும். நாளைக்கு பஜாரில் அமீருதீன் துண்டை விரித்தால் எவன் கையை விடுவான்?

வெங்கிடராமனின் பேனா காகிதத்தின் மேல் காத்து நின்றது.

“மூணு பேர் போதும்” என்றார் அமீருதீன்.

இசக்கிமுத்து குனிந்து பாட்டில்களை எடுத்துக்கொண்டான். கொடி அசைந்தது.

அந்த நாலு மணி நேரத்தை அமீருதீன் எப்படிக் கழித்தார் என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். வாங்கிய சாயா ஆறி ஆடை கட்டியது. ஆலப்புழைப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, வழியில் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று கேட்டார். சேர்த்தலையில் ஒருத்தன் விழுந்தான் என்று ஒரு கிளீனர் சொன்னபோது என்ன பனியன் என்று லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். விழுந்தவன் பச்சை பனியன் என்றான் அவன். நம்முடையது நீலம். யா அல்லா, பிழைத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னார். பிழைத்தது அழகரா தானா என்று அவருக்கே தெளிவில்லை.

அழகர் விழவில்லை. இரண்டாவதாக வந்தான்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். உச்சி வெயிலில் பல் கிட்டித்து நடுங்கினான். களைப்பு என்றார்கள். மாலை போட்டார்கள். ஏலூர்க் கம்பெனி அதிகாரி வந்து கை கொடுத்து, மாசம் பிறந்ததும் வேலையில் சேரலாம் என்றார். வியாபாரிகள் அமீருதீனைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ ஒருத்தனை நேற்றே களையெடுத்தாராமே, அதனால்தான் டீம் தப்பித்தது என்றார்கள். சிகாபுதீன் எல்லாருக்கும் கேட்கும்படி, “அமீர்க்கா கை பொய் சொல்லுமா!” என்றான். அமீருதீன் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

திங்கட்கிழமை காலையில் கிட்டங்கி திறந்த கொஞ்ச நேரத்தில் இசக்கிமுத்து வந்தான். டெம்போவிலிருந்து இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த ரேஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தான். துடைத்துச் செயினுக்கு எண்ணெய் போட்டிருந்தான். தோல்பையை அவிழ்த்து, உள்ளே ஸ்பேனர் தவிர ஒன்றுமில்லை என்று திறந்து காட்டி, மேஜைமேல் வைத்தான்.

“அழகர் நேத்து எங்க ரூமுக்கு வந்தான் முதலாளி. அழுதான். மாத்திரை அவனோடதாம். அவன் பை வார் அறுந்து கிடந்துச்சுல்லா, அதனால என் பைக்குள்ள வச்சிருக்கான். எடுத்துக்கிடலாம்னு நெனச்சானாம், அதுக்குள்ள சிகாபு கண்டுட்டான்.”

அமீருதீன் மேஜைமேலிருந்த தோல்பையின் வாரைக் கட்டினார்.

“பிச்சைமணியும் கூட இருந்தான். வழக்கத்த மீறிட்டோம் முதலாளி, தப்புதான். ஒருத்தன ஒருத்தன் கேட்டுட்டோம். பிச்சைமணி ஒரு விரலத்தான் பிடிச்சானாம். அழகரும் ஒரு விரலத்தான் பிடிச்சிருக்கான். நானும் அதத்தான் பிடிச்சேன்.” விரலை மடக்கிப் பார்த்தான். “எனக்குக் கணக்கு அவ்வளவா வராது. மூணு பெருசா, ஒண்ணு பெருசா?”

கிட்டங்கிக்குள் ஒரு மூட்டை சரியும் சத்தம் கேட்டது.  உன் கை அப்படி நடுங்கியதே என்று சொல்ல அமீருதீன் வாயெடுத்தார். எந்த முகத்தோடு சொல்வது?

“தப்பாப் போச்சு இசக்கி” என்றார். அந்த நாலு சுவருக்குள் அவர் யாரிடமும் சொல்லியறியாத வார்த்தை. “ஏப்ரல்ல திருச்சூர் ரேஸ் இருக்கு. வேற கம்பெனிக்காரங்க வருவாங்க. நீ திரும்ப வா. நீதான் முதல் ஆள். உனக்காக மத்தவங்க காத்தை உடைப்பாங்க, நான் சொல்றேன்.”

இசக்கிமுத்து அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான்.

“துண்டப் போடுங்க முதலாளி” என்றான்.

அமீருதீன் தோளிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். பழைய கணக்குத்தான். ஒரு விரல் என்றால் இருக்கட்டும், உள்ளங்கை என்றால் விலகட்டும். கையை நீட்டிக் காத்திருந்தார். பிடி, ஒரு விரலைப் பிடி என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

இசக்கிமுத்து முழு உள்ளங்கையையும் பிடித்தான். அழுத்தாமல் சாதாரணமாகப் பிடித்தான். கட்டைவிரல் மணிக்கட்டைத் தேடிப் போனது. நாடி ஆற அமர ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கைக்கு இப்போது அவரிடம் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

ஆனால் துண்டு ஆடியது. சனிக்கிழமை ஆடியதைவிட அதிகமாக ஆடியது. மிளகுக் குவியலுக்குப் பக்கத்தில் சந்தனமாரி முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஆடுவது தன்னுடைய கை என்பது அமீருதீனுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது.

இசக்கிமுத்துவுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். துண்டுக்குள் தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது வழக்கம், அவன் சொல்லவில்லை. கையை எடுத்துக்கொண்டான். துண்டை நாலாக மடித்து முதலாளியின் தோளில் போட்டான். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்து, “எந்திரி, போவோம்” என்றான்.

சந்தனமாரி முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.